எஞ்சாமி: பிடித்த பாட்டும் விடுபட்ட பெயரும்

முப்பது வயதைத் தாண்டிய ஒருவனுக்குப் புதிதாக ஒரு பாட்டு பிடித்துப்போவது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பதினெட்டு வயதில் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். கவிதை எழுதுகிறவனாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். எந்தப் பாட்டைக் கேட்டாலும் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பான். 'இது நம்ம சனங்க பேச்சா, இல்ல நம்ம சனங்க இப்படித்தான் பேசுவாங்கன்னு எவனோ நெனச்சு எழுதுன பேச்சா' என்று சந்தேகப்படுவான். அப்படிப்பட்ட எனக்கு 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பாட்டு பிடித்துப்போனது. பேளூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து வாழப்பாடியில் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வண்டியில் போகும்போதும் வரும்போதும் அதுதான். பாக்குத் தோப்பைத் தாண்டும்போது ஒரு தடவை, குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டும்போது இன்னொரு தடவை. இன்றைக்கும் அது விடவில்லை.

பாட்டு 'என்ஜாய் எஞ்சாமி'. அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையமைத்துத் தயாரித்தது. ஏ.ஆர்.ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட 'மாஜா' என்ற இசைத்தளம் அதை 2021 மார்ச் 7 அன்று வெளியிட்டது. சினிமாப் பாட்டு இல்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, வெளிநாட்டு மலைச்சரிவு இல்லை. ஆனாலும் சில மாதங்களுக்குள் யூடியூபில் பத்துக் கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. கல்யாண மண்டபத்தில் போட்டார்கள், காலேஜ் விழாவில் போட்டார்கள், கட்சி மாநாட்டில் போட்டார்கள். எங்கள் ஊரை ஒட்டிய ஒரு கோயில் திருவிழாவிலும் போட்டார்கள். அந்தத் திருவிழாவில் எங்கள் காலனி சனம் தேர் வடத்தைத் தொட முடியாது. பாட்டு மட்டும் உள்ளே போய்விட்டது.

ஊருக்கெல்லாம் பிடித்தது எனக்கும் பிடித்தது என்று இதை விட்டுவிடலாம். ஆனால் அவர்களுக்குப் பிடித்ததும் எனக்குப் பிடித்ததும் ஒன்றுதானா என்ற கேள்வி விடவில்லை. அதைத்தான் தோழர்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல். எங்கள் வட்டாரத்தில் 'சாமி' என்ற சொல் இரண்டு திசையில் போகும். மேல்நோக்கிப் போகும்போது அது பயம். பண்ணையத்தில் ஆளாக இருந்த என் தாத்தா, தன் பேரன் வயசுள்ள பண்ணைக்காரர் வீட்டுப் பையனை 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பையன் தாத்தாவைப் பேர் சொல்லி, கூடவே 'டா' போட்டுக் கூப்பிட்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லவேண்டிய சொல் அது. கீழ்நோக்கி இறங்கும்போது அதே சொல் பிரியம். என் ஆயா களையெடுத்துவிட்டு வந்து, சேற்றுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்து நீட்டுவாள். 'இந்தா ஏஞ்சாமி' என்பாள். அங்கே சாமி நான். கும்பிடு வாங்குகிற சாமி இல்லை, கடலை வாங்குகிற சாமி.

இந்த இரண்டு சாமிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சொல்தான்: 'என்'. பயத்தில் கூப்பிடுகிற சாமிக்கு முன்னால் 'என்' வராது. பண்ணைக்காரரைப் பார்த்து 'ஏஞ்சாமி' என்று எந்த ஆள்காரன் சொல்லியிருக்கிறான்? 'என்னுடைய' என்று சொல்ல ஒரு உரிமை வேண்டும். நிலத்தின் மேலும் அந்த உரிமை இல்லை, நெல்லின் மேலும் இல்லை, அந்த வீட்டு மனிதரின் மேலும் இல்லை. ஆயாவுக்கு ஊரிலே 'என்' என்று சொல்லிக்கொள்ள இருந்தது பேரப்பிள்ளை மட்டும்தான். அதனால்தான் அந்த 'ஏஞ்சாமி'யில் அவ்வளவு கனம்.

வங்கியில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு தினமும் நான் இந்த இரண்டு சாமியையும் கேட்கிறேன். முதியோர் உதவித்தொகை எடுக்க வரும் கிழவிகள் பாஸ்புக்கை இரண்டு கையாலும் நீட்டி, 'சாமி, காசு வந்திருக்கா பாருங்க' என்பார்கள். குரல் உள்ளேயே இருக்கும். என் வயசென்ன, அவர்கள் வயசென்ன! பக்கத்தில் நிற்கிற யாராவது 'இவன் நம்ம காலனிப் பையன்தான் ஆயா' என்று சொல்லிவிட்டால் போதும், அதே கிழவியின் குரல் வெளியே வந்துவிடும். 'அட ஏஞ்சாமி! யாரு மவன் நீ?' இலக்கணப் புத்தகத்தில் இந்த வேற்றுமைக்கு உருபு கிடையாது. சேரியில் பிறந்த காதுக்கு அது ஒரு நொடியில் தெரியும்.

அறிவு இந்த இரண்டாவது சாமியை எடுத்துத் தலைப்பில் வைத்தார். பல கோடிப் பேரை அதைச் சொல்லவைத்தார். பாட்டைப் பாடுகிற ஒவ்வொருவனும் தனக்குத் தெரியாமலேயே எங்கள் ஆயாக்களின் வாயால் பேசுகிறான். எனக்குப் பாட்டு பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். கவிதையில் நாங்கள் எத்தனையோ வருசமாக முட்டிமோதிச் செய்ய நினைத்ததை ஒரு விளிச்சொல்லை வைத்து ஒருவர் செய்துகாட்டிவிட்டார்.

இரண்டாவது காரணம், அந்தப் பாட்டில் வரும் வள்ளியம்மா. அறிவின் பாட்டி அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பியவர். அறிவு பிறந்து வளர்ந்தது அரக்கோணத்தில். பாட்டியிடம் கேட்ட கதைதான் பாட்டின் வேர் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நிலம் இல்லாத சனம் கடல் தாண்டிப் போய், காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கி, அந்தத் தோட்டத்திலும் ஒரு சாண் சொந்தமில்லாமல் திரும்பிவந்த கதை.

இது ஏதோ வட மாவட்டத்துக் கதை என்று வாழப்பாடிக்காரன் தள்ளிவைக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சி, மதுரை, தஞ்சாவூரோடு சேலமும் உண்டு. முதலில் காப்பித் தோட்டத்துக்கு, 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலைக்கு. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குப் புதைமேடு கூடக் கிடையாது. போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம். பஞ்சத்துக்குப் பயந்து போனார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். பஞ்சத்துக்கு மட்டுமா பயந்தார்கள்? பண்ணையத்துக்கும் பயந்துதான் போனார்கள்.

சுதந்திரம் வந்ததும் இலங்கை அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று, 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு அந்த உழைப்பாளிகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த மீதியை 1974இல் சிறிமாவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 என்று பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வங்கியில் நான் தினமும் கணக்குப் போடுகிறவன். எண்ணை எழுதினால் அது யாருடைய பணம் என்று எழுதவேண்டும். இந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. ஒரு ஆளைக்கூட 'நீ எங்க போகணும்னு நெனக்கிற' என்று நேரில் கேட்காமல், தலையை எண்ணி ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் மறுபடியும் கொழுந்து பறிக்கவிட்டார்கள். மீதிப்பேர் சொந்த ஊர்ச் சேரிக்கு வந்து 'சிலோன்காரங்க' ஆனார்கள். எங்கள் காலனியிலும் ஒரு சிலோன்காரர் வீடு உண்டு. அவர்கள் கொண்டுவந்ததில் மிச்சம் ஒரு தகர டிரங்குப் பெட்டிதான்.

வள்ளியம்மா என்ற பெயர் பாட்டுக்குள் வரும்போது, அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்று 'நான் இருக்கேன்' என்று சொல்வது மாதிரி இருக்கிறது. கேட்டுக்கொண்டே வண்டியில் வரும்போது இரண்டு பக்கமும் பாக்குமரம். அந்த மரத்துக்குக் குழி வெட்டியது எங்கள் சனம். தோப்புக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நகக்கண் கறுக்கக் கறுக்கப் பாக்குத் தோலை உரிப்பது எங்கள் பெண்கள். மரம் எங்களுடையது இல்லை. தேயிலைக்கும் பாக்குக்கும் நடுவில் கடல் இருக்கிறது. கணக்கு ஒன்றுதான்.

இப்படிப்பட்ட கதையைச் சொல்லிவிட்டு ஆடவும் வைக்கிறதே, அது சரியா என்று ஒரு தோழர் கேட்டார். ஒப்பாரியை ஆட்டப்பாட்டு ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை. சேரிச் சாவில் ஆட்டமும் அழுகையும் தனித்தனி அறையில் இருப்பதில்லை. ஒரு பக்கம் பெண்கள் தோளோடு தோள் கட்டி மாரடித்து அழுவார்கள், இன்னொரு பக்கம் தப்பட்டை காய்ச்சி அடிப்பார்கள், இளவட்டங்கள் ஆடும். செத்துப்போன ஆள் உயிரோடிருந்தபோது ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நடக்க முடியாதவர். சாவன்றைக்காவது சத்தத்தோடு போகட்டும் என்று அடிக்கிற அடி அது. சோகம் என்றால் மெதுவாக, மெல்லிய குரலில், வயலினோடு வரவேண்டும் என்பது வேறு வீட்டு வழக்கம். அதை நம் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இன்னொரு தம்பி, கல்லூரி மாணவர், வேறு மாதிரிக் கேட்டார். 'ராப்புங்கறது அமெரிக்காக்காரன் சரக்கு தோழர், பேரே இங்கிலீசு, இதுல என்ன நம்ம கலை இருக்கு?' நல்ல கேள்வி. ராப் எந்த அமெரிக்காக்காரனுடையது என்று பார்க்கவேண்டும். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைக் கறுப்பின இளைஞர்கள் தெருவிலும் குடியிருப்புக் கூடத்திலும் தொடங்கிவைத்தது அது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள், பழைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிப் பேச்சையே பாட்டாக்கினார்கள். அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அதற்கு ஒரு வருசம் முன்னால், 1972இல், பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். இயக்கத்துக்குப் பெயர் வாங்கலாம், பாட்டுக்குத் தாளம் வாங்கக்கூடாதா? 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பா.ரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசை வழிகாட்டலில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் ராப்பும் ஒப்பாரியும் பறையும் ஒன்றாக ஏறின. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லின் நினைவாக வைத்த பெயர் அது. அறிவு அந்தக் குழுவிலிருந்து வந்தவர். 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தவர். வெளியிலிருந்து வந்து தாளத்தைத் திணித்தவர் யாருமில்லை. 'என்ஜாய்' என்ற சொல்லும் எங்கள் தெருவில் என்றைக்கோ தமிழாகிவிட்டது. 'என்ஜாய் பண்ணுடா' என்று சொல்லாத இளவட்டம் எந்தக் காலனியில் இருக்கிறது?

ஆக, சொல் நம்முடையது, கதை நம்முடையது, அழுகையோடு சேர்ந்த ஆட்டமும் நம்முடையது. பாட்டு உலகம் பூராவும் போனது. போன வழியில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மறுபாதி.

2021இல் டிஜே ஸ்நேக் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர் இந்தப் பாட்டை மறுகலவை செய்தார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பரப் பலகையில் அந்த மறுகலவைக்கு விளம்பரம் வந்தது. அவர் இருந்தார், தீ இருந்தார், அறிவு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அவர்கள் புகழப்பட்டது 'என்ஜாய் எஞ்சாமி'க்காகவும் 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி' பாட்டுக்காகவும். இரண்டு பாட்டிலும் அறிவின் எழுத்து உண்டு. அட்டையில் அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பலரும் சேர்ந்து கேட்டார்கள், அதன் பிறகு அந்த இதழ் அறிவைச் சேர்த்து இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அங்கேயும் அறிவு இல்லை.

சில நாளில் அறிவு எழுதினார். மெட்டும் சொல்லும் தனக்கு யாரும் கொடுத்ததில்லை, தான் இயற்றி, எழுதி, பாடி, நடித்த பாட்டு இது என்றார். சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். இது மூன்று பேரின் கூட்டு உழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம், விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றார். 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்று வருசம் ஆனபோது, அதே சந்தோஷ் நாராயணன் இந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்குமே வருமானம் வந்து சேரவில்லை என்று சொன்னார்.

அவர்களுக்குள் உள்ள பாகப்பிரிவினையைத் தீர்த்துவைக்க நான் வரவில்லை. ஒரு பாட்டில் இசையமைப்பாளரின் உழைப்பு பெரிது. தீயின் குரல் இல்லாமல் எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்குமா என்று கேட்டால் தயக்கமில்லாமல் இல்லை என்பேன். கிடாக்குழி மாரியம்மாள் அவர்களும் நம் மண்ணின் குரல்தான், அவர் மேடையேறியது நமக்குப் பெருமை. ஆனால் மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு பொருள் வெளியே போகும்போது, விளம்பரப் பலகையிலும் அட்டையிலும் மேடையிலும் அடுத்தடுத்து ஒரே ஆள் விடுபடுகிறார் என்றால், அதற்கு ஒவ்வொரு முறையும் தனித்தனிக் காரணம் சொல்லலாம். ஒரு முறை வடிவமைப்பு, ஒரு முறை பதிப்பாசிரியர் முடிவு, ஒரு முறை பயணத் தேதி. காரணங்கள் உண்மையாகவே இருக்கட்டும். விடுபடுகிற ஆள் மட்டும் ஏன் மாறவில்லை?

சாதி இப்படித்தான் வேலை செய்யும். யாரும் உட்கார்ந்து சதி செய்யவேண்டியதில்லை. ஊர்ப் பொதுப்புத்தியில் ஒரு பழக்கம் இருக்கிறது: சத்தம் வேண்டும், அடிக்கிற கை வேண்டாம். தப்பட்டை இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகை நடந்ததில்லை. அடிக்கிறவர் கோயிலுக்கு வெளியே நிற்பார். தப்பட்டை இல்லாமல் ஒரு சாவு எடுத்ததில்லை. அடித்தவருக்குக் கூலியாகப் படி அரிசியும் சாராயமும் கிடைக்கும், சோறு தனியாகக் கொல்லையில் கிடைக்கும். 'மேளக்காரனுவ வந்துட்டானுவளா' என்றுதான் கேட்பார்கள். அவனுக்குப் பேர் உண்டென்று ஊருக்குத் தெரியும், சொல்லமாட்டார்கள். இந்த அவமானத்தை உதறத்தான் எத்தனையோ ஊர்களில் நம் சனம் 'இனிமே சாவுக்கு அடிக்கமாட்டோம்' என்று குச்சியைக் கீழே போட்டது. அதற்காக அடிபட்டது. பிறகு அதே பறையை, இழிவில்லாமல், விடுதலையின் இசையாக நாமே கையில் எடுத்தோம். 2025இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது ஒரு பறைக்காரரின் பெயர் டெல்லிப் பட்டியலில் அச்சானது. ஒரு பெயர் அச்சாவதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது பாருங்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கர்நாடக இசையில் கீர்த்தனை எழுதியவர் பாட்டுக்குள் தன் முத்திரையை வைப்பார். தியாகராஜர் தன் பெயரை வைத்தார், முத்துசாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். இருநூறு வருசமாக அந்த முத்திரையை எவனும் அழிக்கவில்லை. யார் பாடினாலும் எழுதியவர் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். அறிவும் முத்திரை வைத்தார். தான் வள்ளியம்மாவின் பேரன் என்று பாட்டுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டார். கோடிக்கணக்கான பேர் அந்தக் கையெழுத்தைப் பாடிக்கொண்டே ஆடினார்கள். ஆடி முடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவரை அட்டையிலிருந்து விட்டுவிட்டார்கள். பிறகு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே தன் தொகுப்புக்கு அறிவு பெயர் வைத்தார். விடுபட்ட கையெழுத்தை இந்த முறை முகப்பிலேயே பெரிதாகப் போட்டுவிட்டார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. பன்னாட்டு நிறுவனம், ஆங்கிலப் பத்திரிகை, விளம்பரப் பலகை என்று திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். ஆனால் நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும் தோழர்களே. சேலம் மாவட்டத்தில் நடக்கிற நம் இயக்கக் கூட்டங்களின் நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. முப்பது நாற்பது பெயர், பட்டத்தோடும் பொறுப்போடும். கடைசியில் ஒரு வரி: 'கூட்டத் தொடக்கத்தில் பறையாட்டம் நடைபெறும்'. யார் ஆடுவது? ஆட்டம் தானாக நடைபெறுமா? ஏழு மணிக் கூட்டத்துக்கு ஐந்து மணியிலிருந்து அடித்துச் சனத்தைச் சேர்ப்பது அந்தக் குழு. கூட்டம் முடிந்து தலைவர்கள் கார் ஏறிய பிறகு, 'ஒரு துண்டு போர்த்தியாச்சில்ல, பஸ் காசு வாங்கிக்கிங்க' என்று அனுப்பிவைப்பது நாம். கோயில் பண்டிகைக்காரன் செய்வதற்கும் இதற்கும் என்ன தூரம்? அவன் சாமி பேரால் கூலியைக் குறைக்கிறான், நாம் சமுதாயத்தின் பேரால் குறைக்கிறோம்.

'மனுசங்கடா' பாட்டைப் பாடாத தலித் மேடை தமிழ்நாட்டில் இல்லை. இன்குலாப் எழுதியது. கே.ஏ.குணசேகரன் தன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடிப் பரப்பியது. 2016இல் வருசத் தொடக்கத்தில் குணசேகரனும் வருசக் கடைசியில் இன்குலாபும் நம்மைவிட்டுப் போனார்கள். இன்றைக்கு மேடையில் அதைப் பாடுகிற பிள்ளைகளிடம் 'யார் எழுதினது தம்பி' என்று கேட்டால், 'நம்ம இயக்கப் பாட்டுங்க அண்ணா' என்ற பதில்தான் அதிகம் வருகிறது. பாட்டு மக்கள் சொத்தாகிவிட்டது என்று இதைப் புகழ்ந்து பேசுவார்கள். மக்கள் சொத்து என்பது நல்ல சொல்தான். ஆனால் ஒடுக்கப்பட்டவன் உழைப்பு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரமாகப் பொதுச்சொத்து ஆகிறது? தோப்பு பொதுச்சொத்து ஆகவில்லை, கிணறு ஆகவில்லை, கோயில் ஆகவில்லை. ஒப்பாரியும் பறையும் ஆகிவிட்டன.

'நாட்டுப்புறப் பாடல்' என்ற தலைப்பிலும் இந்த ஆபத்து உண்டு. ஆய்வுக்காக ஊருக்கு வருகிற மாணவர்கள் நம் கிழவிகளைப் பாடவைத்துப் பதிவு செய்கிறார்கள். ஆய்வேட்டில் 'தகவலாளி, பெண், வயது 70' என்று போடுகிறார்கள். தகவலாளியா அவள்? கணவன் செத்த அன்று கட்டிய பாட்டு அது, சொந்தமாகக் கட்டியது. கட்டியவள் கவிஞர். பதிப்புரிமைச் சட்டம் 1957லிருந்து இருக்கிறது. பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு என்று 1994 திருத்தம் சொல்கிறது. பாட்டாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேரவேண்டிய உரிமைத்தொகையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012 திருத்தம் தடுத்தது. சட்டம் படிக்கிற நம் தம்பி தங்கைகள் இந்த மூன்றையும் எடுத்துப் படித்து, எளிய தமிழில் நாலு பக்கத் துண்டறிக்கையாகப் போட்டுக் கலைக்குழுக்களிடம் கொடுக்கலாம். மேடையில் சட்டமேதை அம்பேத்கர் என்று முழங்குகிறோமே, அந்த முழக்கத்துக்கு உருப்படியான ஒரு வேலை இது.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும், சீட்டில் பெயர் இல்லாவிட்டால் பணம் யார் கணக்கிலும் ஏறாது. பெயர் தெரியாத பணத்தைத் தற்காலிகக் கணக்கு ஒன்றில் போட்டுவைப்போம். உரியவர் யாரென்று தேடித் தேடிப் பார்த்து அதை நேர்செய்யாமல் விட்டால் தணிக்கைக்காரர் கழுத்தைப் பிடிப்பார். நம் சனத்தின் பாட்டு, தாளம், கதை, அழுகை, கேலி எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் அப்படியொரு பெயரில்லாக் கணக்கில்தான் கிடக்கிறது. எடுக்கிறவன் எல்லாம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். நேர்செய்யும் வேலையை யார் தொடங்குவது? எனக்குப் பிடித்த பாட்டின் வழியாக எனக்கு வந்த கேள்வி இது. பாட்டு பிடித்த எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரவேண்டும் என்பது என் கட்சி. பிடித்திருக்கிறது என்று ஆடிவிட்டுப் போகிறவர்களுக்கு வராமல் போகலாம். நமக்கு வராமல் போனால் அது அநியாயம்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கூட்டத்துக்கு முன்னாலேயே கலைக்குழுவோடு கூலியைப் பேசி, எழுதி, மேடை ஏறும் முன் கையில் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்வோம். கிழவிகளிடம் பாட்டு கேட்டுப் பதிவு செய்தால் அவர்கள் சம்மதத்தோடு பெயர், ஊர், தேதி எழுதி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவோம். ஏப்ரல் 14 வரும், டிசம்பர் 6 வரும். நோட்டீசு அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு தடவை கடைசி வரி வரைக்கும் படித்துப் பாருங்கள். தப்பட்டை அடிக்கிறவர் பேர் இருக்கா? சிறப்புரைக்காரர் பேர் என்ன அளவில் இருக்கோ அதே அளவில் இருக்கா? இல்லைன்னா எடுங்க போனை, அச்சகத்துக்காரர்கிட்ட சொல்லி அச்சை நிறுத்துங்க.